வாசல் கல்லுக்கு ஆசிட் வேண்டாம்

குடுபல்லிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்குக் கல் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பக்கத்து ஊரான குப்பத்தின் பெயரைத் தாங்கியே ‘குப்பம் கிரீன்’ என்ற கிரானைட் வெளிநாடுவரை போகிறது. எங்கள் வீட்டிலும் கேட்டிலிருந்து போர்ட்டிகோவரை வண்டி ஏறும் பாதைக்குக் கிரானைட்தான். தீச்சுவாலையில் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கல். பாலிஷ் கல்லில் ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும். இதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சொரசொரப்பின் குழிகளில் செம்மண் தங்கும். அதைச் சுத்தமாக வைத்திருக்கப் பல வருடம் பாடுபட்டதில் எனக்கு உறுதியான ஓர் எண்ணம் உண்டு. வாசலை அதிகம் கெடுப்பது அழுக்கு இல்லை, அழுக்குப் போகட்டும் என்று நாம் ஊற்றும் ஆசிட்.

ஹார்டுவேர் கடையில் வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் நுரைக்கும். அழுக்கு பொங்கி வருகிறது என்று நினைக்கிறோம். நுரைப்பது பெரும்பாலும் கற்களின் ஜாயிண்டில் பூசிய சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முன்பு இப்படித்தான் கழுவினார்கள். அன்றைக்குக் கல் பளிச்சென்று இருந்தது. மழைக்காலம் முடிந்தபோது ஜாயிண்டுகள் பொடிந்து, அடியில் தண்ணீர் இறங்கி, காரின் சக்கரம் ஏறும் இடத்துக் கற்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. இரும்புத்தாது உள்ள கல்லாக இருந்தால் துருநிறத் திட்டுகளும் வரும். எங்கள் மேஸ்திரி சொல்வார்: “கல்லு நிக்கும் சார், ஜாயிண்டை மட்டும் பார்த்துக்கங்க.”

அதனால் ஜாயிண்டுகளைத்தான் முதலில் கவனிக்கிறேன். விரிசல் தெரிந்தால் அடுத்த மழைக்கு முன்பே சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிவிட வேண்டும். எபாக்ஸி அடைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கெட்டியாக நிற்கும், தண்ணீரை விடாது. வெயில் படும் இடத்தில் மட்டும் மஞ்சளாகும். நிழலுள்ள போர்ட்டிகோவுக்குத் தாராளமாகப் போடலாம்.

தினசரி வேலைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். தென்னந்துடைப்பத்தால் காய்ந்த நிலையில் பெருக்கினாலே பாதி வேலை முடிந்தது. செம்மண்ணை நனைத்துத் தேய்த்தால் அது சேறாகிக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மார்கழியில் போடும் கலர்ப்பொடிக் கோலத்துக்கும் இதே முறைதான்: முதலில் பெருக்கி அள்ளிவிட்டு, பிறகு தண்ணீர். சாணி தெளிக்கும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. கேட்டுக்கு வெளியே மண்தரையில் தெளிக்கிறோம். சொரசொரப்பான கல்லில் தெளித்தால் பச்சைமஞ்சள் கறை தங்கிவிடும்.

கழுவும்போது வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவமும் நைலான் பிரஷும் போதும். இங்கே போர் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவி அப்படியே வெயிலில் காயவிட்டால் வெள்ளைப்படலம் படியும். வைப்பர் போட்டுத் தள்ளிவிட வேண்டும். ஜாயிண்ட் ஓரமாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்திருக்கும்போதே தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய்த் திரும்பவும் பூக்கும். வினிகரும் எலுமிச்சையும் அமிலம்தான். கிரானைட் தாங்கினாலும் சிமெண்ட் தாங்காது.

பைக்கிலிருந்து ஆயில் சொட்டினால் உடனே மரத்தூளையோ காய்ந்த மண்ணையோ கொட்டி உறிஞ்சவிடுங்கள். துணியால் தேய்த்தால் பரவும். ஊறிப்போன கறைக்குச் சமையல் சோடாவை இட்லி மாவுப் பதத்தில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஒருநாள் விட்டு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் மங்கும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் எட்டிப்பார்க்கும் ஊர் இது. நிழலில் பாசி பிடிக்கும். தேய்த்தால் போகும், அடுத்த மழையில் திரும்பும். புங்கமரக் கிளைகளைக் கழித்து வெயில் படவைத்தபிறகுதான் எங்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. புதிதாகப் பாதை போடுகிறவர்கள் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்காத வாசலில் பாசிக்கு இடமில்லை.

பெங்களூரில் தங்கை வீட்டில் கூழாங்கல்லை ரெசினில் கலந்து பாதை போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, மழைநீரும் உள்ளே இறங்கும். அதற்குப் பெட்ரோல், டீசல், தின்னர் மூன்றும் ஆகாது, ரெசின் இளகும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவ வேண்டும். கடும் வெயிலில் பைக் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை வைக்க வேண்டும். நிற்கிற காரின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கற்கள் பெயரும். தூசி துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது என்பதால் அங்கேயும் துடைப்பம்தான் முதல் மருந்து. பிரஷர் வாஷர் பிடித்தால் ஒரே இடத்தில் காட்டாமல், நன்றாகத் தள்ளியே பிடியுங்கள்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் ஒரே தரையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும். இந்த வேலையைப் பெரும்பாலும் நாம் செய்வதில்லை, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் பாட்டிலை நீட்டுகிறோம். கையுறை இல்லை, செருப்புகூட இல்லை. தயவுசெய்து அந்த பாட்டிலை வாங்காதீர்கள். அவருக்கு நல்ல பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.