வாய்க்கால் சரிவில் புல் வெட்ட எந்தக் கருவி?

வாய்க்கால் கரையை மண்வெட்டியால் செதுக்குவது வழக்கம். வேர் போனால் மழையில் கரை அரிக்கும். எனவே இரண்டு அங்குலம் விட்டு, புல்லை மட்டும் வெட்ட வேண்டும்.

கொஞ்ச தூரத்திற்கு அரிவாளே போதும். நீண்ட கரைக்குத் தோளில் மாட்டும் விசைப் புல்வெட்டி ஏற்றது. சக்கரம் உள்ள கருவி செங்குத்துச் சரிவில் கவிழ்ந்துவிடும். இளம் புல்லுக்கு நைலான் நரம்பும், தடித்த நாணலுக்கு இரும்புத் தகடும் பொருத்தவும். கல் உள்ள இடத்தில் தகடு ஆபத்து. கல்லில் பட்டால் கருவி உதறித் தள்ளும்.

ஈரம் காய்ந்தபின் வெட்டுங்கள். கண்ணாடியும் காலணியும் அவசியம். 50 அடிக்குள் எவரும் நிற்கக்கூடாது. சிக்கிய புல்லை எஞ்சினை நிறுத்திய பின்னரே எடுக்க வேண்டும். சிறு விவசாயிகளுக்கு வாடகைக் கருவியே சிக்கனம்.