தொழிலுக்கேற்ற உணவு

கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலே, காலால் மிதித்தும் கையால் நாடா ஓட்டியும் நெய்வோர் உண்ணும் சோறு உழைப்பிலே செலவாகும். நாற்காலியிலிருந்து தொழில் புரிவோர்க்கும் அத்துணைச் சோறு வேண்டுமோ? வேண்டா. செலவாகாத உணவு கொழுப்பாய்த் தங்கும், அதனாற் குருதியிற் சர்க்கரையை அடக்கும் இன்சுலினின் ஆற்றல் குன்றும், நீரிழிவு தோன்றும். தவிடு நீக்கிய அரிசியும் சீனி மிகுந்த தேநீரும் அதற்குத் துணையாம்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமிற் குறைதலும், விரைந்த நடை கிழமைக்கு 150 நிமிடத்திற் குறையாமையும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறும். இனிப்புப் பானங்களிற் சர்க்கரை மிகுதியைச் செந்நிறக் குறியாற் காட்டும் விதி இலங்கையில் 2016இல் வந்தது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்திலே மருந்தொன்றின் பெயரும் கூறாது, அளவறிந்து உண்டலையே வற்புறுத்தினார். யாமும் நாற்காலியிலிருந்து கற்பிப்போமாதலின், இஃது எமக்கும் உரிய பாடமே. மாணவர்காள்! தவிடுள்ள சிவப்பரிசியை அளவாய் உண்மின், கீரையும் பருப்பும் மிகுமின், மாலையில் நடமின்.