தத்து வந்த கதையை மடியில் வைத்தே சொல்லுங்கள்

தத்துப் பிள்ளையிடம் விவரம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்பார்கள். 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் சிறுமி அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் அந்த உண்மை இடியாக இறங்கியது. மூன்று வயதிலேயே படக்கதையாகக் கேட்டால் அது பழகிய கதை. உமா கிருஷ்ணசுவாமியின் ‘பிரிங்கிங் ஆஷா ஹோம்’ (2006) நூலில் அமெரிக்கச் சிறுவன் அருண், இந்தியாவிலிருந்து வரவேண்டிய தங்கைக்காகக் காத்திருக்கிறான். அரசு அனுமதி கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. ‘என்னைக் கூட்டிப்போக ஏன் இவ்வளவு நாள்?’ என்று பிள்ளை கேட்டால் இந்தக் கதையிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். சொன்னால் பாசம் விலகாதா? மறைத்ததை அடுத்தவர் வாயால் கேட்கும்போதுதான் பிள்ளை உடைந்துபோகும். பெற்றவளைப் பற்றிக் கேட்டால் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததை நீங்களே சொல்லுங்கள். வெளிநாட்டு உறவினருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள், அப்பளம் ஊறுகாயோடு இப்படியொரு படப்புத்தகத்தையும் வையுங்கள்.