மரத்தின் வலிமை

மாணவர்களே! நம் சாந்திபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஓட்டு வீடு ஒன்றைக் கண்டால், உள்ளே சென்று மேலே நோக்குங்கள். ஓடுகளைக் கைமரங்களும், கைமரங்களை உத்திரமும், உத்திரத்தைத் தூண்களும் தாங்கி நிற்கும். அவ்வுத்திரம் முறிந்தால் அதன்கீழ் உறங்குவோர் நிலை என்னாகும்? ஆகவே, மரத்தின் வலிமையை முன்னரே அறிதல் இன்றியமையாதது.

மரத்தின் இயல்பை நம் முன்னோர் நுட்பமாக உணர்ந்திருந்தனர். உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. இதனால்தான் தச்சர், தேக்கில் பூச்சி அரிக்கும் வெளிற்றை நீக்கி உள்மரத்தைக் கொள்கின்றனர். பனையிலோ மென்மையான உட்பகுதியை நீக்கிப் புறப்பகுதியைக் கைமரமாகச் செதுக்குகின்றனர்.

திருப்பதியை அடுத்த சேசாசல மலைகளில் வளரும் செம்மரத்தின் வயிரம் நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. கனமான மரம் பெரும்பாலும் வலியதாகவே இருக்கும். ஆயினும், ஓர் உத்திரம் எத்துணைச் சுமை தாங்கும் என்பதைக் கனம் மட்டும் கூறிவிடாது. அதற்குச் சோதனை வேண்டும்.

டேராடூனில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வன ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மரங்கள் பலவற்றைச் சோதித்துள்ளது. கணுவும் வெடிப்பும் இல்லாத பகுதியிலிருந்து 2 செ.மீ. அகலமும் 2 செ.மீ. கனமும் 30 செ.மீ. நீளமும் உள்ள துண்டை அறுத்தெடுப்பர். 28 செ.மீ. இடைவெளியில் அமைந்த இரு தாங்கிகளின்மீது அதனைக் கிடத்தி, நடுவில் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றுவர். துண்டு வளையும் அளவையும், முறியும்போது இருந்த சுமையையும் குறித்துக்கொள்வர். ஈர மரம் உலர்ந்த மரத்தைவிட வலிமை குன்றியது. எனவே, 12 விழுக்காடு ஈரப்பதத்திற்கு உரிய வலிமையைக் கணக்கிட்டு மரங்களை ஒப்பிடுவர். தேக்கின் வலிமையை 100 எனக் கொண்டு பிற மரங்களை மதிப்பிடுவதும் உண்டு.

சோதனைத் துண்டில் குறையில்லை. வீட்டு உத்திரத்திலோ கணுவும் வெடிப்பும் இருக்கக்கூடும். மேலும், அது பல்லாண்டு சுமை தாங்க வேண்டும். ஆதலால், துண்டை முறித்த சோதனை காட்டும் வலிமையில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் கொண்டு கூரை அமைப்பர். ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டுகள் பல முறிகின்றன. அவற்றால் வீட்டில் உள்ளோர் அச்சமின்றி உறங்குகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
உத்திரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
கைமரம் – ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்
வயிரம் – மரத்தின் உறுதியான பகுதி
வெளிறு – வயிரம் பாயாத பகுதி
கணு – கிளை தோன்றிய இடம்

பயிற்சி
1. தேக்கிலும் பனையிலும் தச்சர் எப்பகுதியைக் கொள்கின்றனர்? ஏன்?
2. சோதனையில் முறித்த சுமை முழுவதையும் உத்திரத்தின்மீது ஏற்றலாகாது. ஏன்?
3. பிரித்து எழுதுக: அவ்வுத்திரம், பல்லாண்டு.
4. செய்து பார்க்க: அளவுகோலின் இரு முனைகளையும் இரு புத்தகங்களின்மீது வைத்து, நடுவில் மெல்ல அழுத்துக. பின்னர் அதனை விளிம்பின்மீது நிறுத்தி அழுத்துக. எந்நிலையில் குறைவாக வளைகிறது? உத்திரத்தை எவ்வாறு வைத்தல் நன்று?
5. தாத்தா, பாட்டியிடம் கேட்டு, வீடு கட்டப் பயன்படும் மரங்கள் ஐந்தின் தமிழ்ப் பெயர்களையும் தெலுங்குப் பெயர்களையும் எழுதுக.