பழைய வீணை வாங்கப் போகிறீர்களா?

கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரத்தின் தேர் வீதிகள், நெய்வேலி குடியிருப்பு என்று இந்த மாவட்டத்தில் பழைய வீணை தூங்கும் வீடுகள் நிறைய. நாற்பது, ஐம்பது வருடம் முன்பு மகள் பாட்டு கற்கிறாள் என்று அப்பா தஞ்சாவூர் போய் வாங்கி வந்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீணை பீரோ மேல் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதே தெருவில் இன்னொரு பெண் வீணை வகுப்பில் சேர்ந்து, புது வீணைக்குப் பணம் திரட்ட முடியாமல் நிற்கிறாள். அவளுக்கும் அவள் வீட்டாருக்கும்தான் இந்த வழிகாட்டி.

வீணையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மரத்தை. தந்தி, மெட்டு, மெழுகு, தந்தியை முறுக்கும் பிரடை, தந்தியைத் தாங்கும் குதிரை, சுரைக்காய் எல்லாமே மாற்றக்கூடியவை. நாதம் பிறக்கும் குடமும் மெட்டுகள் நிற்கும் தண்டியும் மட்டும் மாற்ற முடியாதவை. வாங்கும் நேரத்தில் வரும் எந்தக் குழப்பத்துக்கும் இதை வைத்தே முடிவு சொல்லலாம்.

அந்த மரமும் நம்மூர் மரம்தான். தஞ்சாவூர் வீணைக்குப் பலா வேண்டும்; தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் தேடி வருவது பண்ருட்டிப் பலாவை. முற்றிய மரமாக இருக்க வேண்டும், அறுத்த பின் நன்றாகக் காய வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியோடு சேர்ந்து ஏராளமான பலா மரங்களும் சாய்ந்தன. தலைமுறை கடந்து நின்ற மரத்துக்கு ஈடாக இன்று கன்று நட்டால், அது வீணைக்கு ஆக இன்னொரு தலைமுறை ஆகும். பீரோ மேல் கிடக்கும் அந்த வீணையோ நாற்பது வருடமாகக் காய்ந்த பலா. வளைய வேண்டியது வளைந்திருக்கும், விரிய வேண்டியது விரிந்திருக்கும். நல்ல நிலையில் கிடைத்தால், புது வீணையிடம் எதிர்பார்க்க முடியாத ஒரு உறுதி அதில் இருக்கும். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பண்ருட்டிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எங்கே தேடுவது

இணைய விளம்பரத்தில் தொடங்காதீர்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் தொடங்குங்கள். 1929-இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை, வீணைக் கலைஞர் கோமதி சங்கர ஐயர் போன்றவர்கள் பணியாற்றிய இடம். அங்கே படித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் பலர் வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறார்கள். யார் வீட்டில் எந்த வீணை சும்மா இருக்கிறது என்பது ஒரு வீணை ஆசிரியருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது நெய்வேலி. நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வு பெறுகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சென்னையிலோ திருச்சியிலோ அபார்ட்மென்டுக்குப் போகிறவர்களுக்கு நாலடி நீள வீணையை எங்கே வைப்பது என்பது பெரிய கவலை. அப்படி வீடு காலி செய்கிறவர்கள் விலையைவிட, வாங்குகிறவர் வாசிப்பாரா என்றுதான் பார்க்கிறார்கள். "எம் பொண்ணு வாசிச்சது தம்பி, யாரோ ஒருத்தருக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரல" என்று ஒரு அம்மா சொன்னால், உடனே பேரத்தில் இறங்கக் கூடாது. "வாசிக்கத்தாம்மா கேக்குறேன், ஷோகேஸ்ல வைக்க இல்ல" என்று சொல்லி, யார் கற்கப் போகிறார், யாரிடம் கற்கப் போகிறார் என்பதை விளக்குங்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் பார்த்தது பிடித்திருந்தால் ஒரே விதி: வீணையை நேரில் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள்.

போவதற்கு முன் தந்தம் உண்டா என்று கேளுங்கள்

போட்டோ கேட்டு வாங்கும்போது, குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் பதித்திருக்கும் வெள்ளை வேலைப்பாட்டைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று அது பெரும்பாலும் பிளாஸ்டிக். மிகப் பழைய வீணையில் அது யானைத் தந்தமாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தைத் தடை செய்தது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் அந்தத் தடைக்குள் வந்தது. உரிமைச் சான்றிதழ் உள்ள தந்தம் வாரிசுக்குப் போகலாம், விலைக்குப் போக முடியாது. பாட்டி காலத்து வீணை, தந்தம் பதித்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை வாங்க முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். விற்கிறவருக்கும் அந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். மான் கொம்பு வேலைப்பாடு என்றாலும் வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. நூறு வயது தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விற்கிறவர் நூறு வருஷத்து வீணை என்று சொல்வது உண்மையாக இருந்தால், அது உங்களுக்கு உதவாது.

நேரில் பார்க்கும்போது

பகலில் போங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இசைத்துறை மாணவர் யாராவது இருந்தாலும் போதும். கையில் ஒரு தையல் டேப்பும் டார்ச்சும் இருக்கட்டும்.

முதலில் ஏகாந்தமா, ஒட்டா என்று பாருங்கள். ஒரே மரத்துண்டில் குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் குடைந்து எடுத்தது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தியது ஒட்டு வீணை. சாதா வீணை என்றும் சொல்வார்கள். விற்கிறவர் எல்லோருமே ஏகாந்தம் என்பார்கள். வீணையைத் திருப்பி, குடத்தின் முதுகிலிருந்து தண்டிக்குப் போகும் மர ரேகையைத் தொடர்ந்து பாருங்கள். ரேகை இடையில் அறுபடாமல் ஓடினால் ஏகாந்தம். சேரும் இடத்தில் அலங்காரப் பட்டை வந்து அதற்குப் பிறகு ரேகை வேறு திசையில் போனால் ஒட்டு. மேல்பலகை எந்த வீணையிலும் தனியாகப் பொருத்தியதுதான். அந்த இணைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல ஒட்டு வீணையே தாராளம்.

ஒட்டு வீணையில் அந்தச் சேரும் இடம்தான் உயிர்நிலை. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். தலைமுடி அளவு கோடு தெரிந்தால், ஒருவரைத் தண்டியின் நுனியைப் பிடித்து மெல்ல அழுத்தச் சொல்லி, கோடு திறக்கிறதா என்று கவனியுங்கள். திறந்தால் எழுந்துவிடலாம். குடத்தில் நீளவாட்டில் வெடிப்பு இருந்தாலும் அப்படியே. விரல் முட்டியால் குடத்தைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனாலோ கரகரத்தாலோ, அங்கே விரிசலோ பிரிந்த பலகையோ இருக்கிறது.

கடலூர்ப் பக்க வீணைக்கு ஒரு தனிப் பரிசோதனை உண்டு. வெள்ளம் பார்த்த வீணையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2015 நவம்பர் மழை, 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்கள் பல. தரையில் சாத்தி வைத்திருந்த வீணையின் குடத்தடியில் தண்ணீர்க் கறை ஒரு கோடாக நிற்கும். பாலிஷ் அடித்து மறைத்திருந்தாலும், அலங்காரப் பட்டை அங்கங்கே தூக்கிக்கொண்டு நிற்பது காட்டிக்கொடுக்கும். ஊறிய ஒட்டில் பசை விட்டுப்போயிருக்கும். கடல் காற்றில் துருப்பிடித்த தந்தியும், தந்தியின் அடி முனையில் பச்சை பூத்த லங்கரும் மட்டும் பெரிய விஷயமில்லை, அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அடுத்தது தண்டி. மேரு (தண்டியின் தலைப்பக்கம் தந்தி ஏறி வரும் மேடு) பக்கம் கண்ணை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெட்டுகளின் வரிசையைப் பாருங்கள். இருபத்துநான்கு மெட்டும் ஒரே ஓட்டத்தில் இறங்கி வர வேண்டும். நடுவில் பள்ளம் தெரிந்தால், குறை மெழுகிலா தண்டியிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வீணையைப் புரட்டித் தண்டியின் அடிப்பக்கத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மரம் நேராக இருந்தால் பிழை மெழுகில், அது சரியாகும். மரமே வளைந்திருந்தால் வேண்டாம்.

இப்போது டேப். மேருவிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அங்கிருந்து குதிரை வரை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு. அதிகம் வேறுபட்டால், குதிரை இடம் மாறியிருக்கலாம் அல்லது மெட்டு மெழுகோடு நகர்ந்திருக்கலாம். காதாலும் சரிபார்க்கலாம்: சாரணியை (வாசிக்கும் முதல் தந்தியை) வெறுமனே மீட்டி, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் ஸட்ஜம் வர வேண்டும்.

பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகுங்கள். வழுக்கினால் சாக்பீஸ் தூளில் பெரும்பாலும் சரியாகும், இறுகப் பிடித்துக்கொண்டாலும் பெரிய விஷயமில்லை. பிரடைத் துளையின் ஓரத்தில் மரம் பிளந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. குதிரையின் பித்தளைத் தகட்டில் தந்தி அறுத்த பள்ளம் இருந்தால் இரைச்சல் வரும், தகடு மாற்றிக்கொள்ளலாம். மைக் பொருத்த மேல்பலகையில் துளை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். துளை போட்டிருந்தால் விலை குறைய வேண்டும்.

கடைசியில் நாதம். கூட வந்தவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் அறையின் அடுத்த மூலைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லா வீணையும் நன்றாகவே கேட்கும். ஒரே மீட்டில் எவ்வளவு நேரம் கார்வை நிற்கிறது? மந்தரத்தில் நாதம் குடத்திலிருந்து வருகிறதா, தந்தியிலிருந்து மட்டும் வருகிறதா? பிறகு சாரணியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போகச் சொல்லுங்கள். இழுக்கும்போது தந்தி அடுத்த மெட்டில் இடித்து நாதம் அடைத்தால், மேளம், அதாவது மெழுகின் மேல் மெட்டுகளை நிறுத்திய அமைப்பு, சமமாக இல்லை. பல வருடம் தொடாத வீணையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். தந்தி பல வருடம் தளர்ந்தே கிடந்த வீணையை அன்றைக்கே மூன்று கட்டைக்கு முறுக்காதீர்கள். தாழ்ந்த சுருதியில் கேட்டாலே மரத்தின் குணம் தெரிந்துவிடும்.

விலை

போவதற்கு முன் தஞ்சாவூரில் இரண்டு பட்டறைகளுக்குப் போன் செய்து, புது ஒட்டு வீணை என்ன விலை, மேளம் கட்ட என்ன கூலி, தந்தி முழுவதும் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புது விலையில் பாதியை எடுத்து, அதிலிருந்து மேளக் கூலியையும் உதிரிச் செலவையும் கழித்தால் பேச்சைத் தொடங்கும் இடம் வரும். மரம் சுத்தமாக இருந்து நாதமும் பேசினால், அதிலிருந்து ஏறிக் கொடுப்பதில் தப்பில்லை. சுரைக்காய் உடைந்திருக்கிறது, தந்தி இல்லை என்பதை வைத்து வயதானவரிடம் விலையை அடிமட்டத்துக்கு அடிக்காதீர்கள். அந்தச் சுரைக்காய் திருகிக் கழற்றி மாட்டுவது; இன்று ஃபைபரில் சுலபமாகக் கிடைக்கிறது. பணம் கொடுத்ததும், வீணையின் போட்டோவோடு ஒரு சின்னக் காகிதத்தில் விற்றவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்கிவிடுங்கள்.

கொண்டு வருவது

சுரைக்காயைக் கழற்றித் தனியாக வையுங்கள். தந்திகளைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். முழுக்க விட்டால் தந்தியின் அழுத்தத்தில் நிற்கும் குதிரை விழுந்துவிடும், பழைய இடமும் தொலையும். குதிரை நின்ற இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்வது நல்லது. காரின் பின்சீட்டில் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விடவே கூடாது. மெட்டுகள் மெழுகில்தான் நிற்கின்றன. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அந்தக் கறுப்பு மெழுகு இளகி, மெட்டுகள் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். வழியில் சாப்பிட நிறுத்துவதானால் ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும்.

மேளம் கட்டுவது

சிதம்பரத்திலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக ரயிலும் உண்டு. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புது மெழுகு வைத்து, மெட்டு ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நிறுத்துவதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். இதில் அவசரப்படுத்தக் கூடாது. பட்டறையில் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். பழைய மெட்டுகள் நல்ல வெண்கலமாக இருந்தால் அவற்றையே தீட்டிப் போடச் சொல்லுங்கள். பலகையையும் குடத்தையும் இழைத்து மெலிதாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தக் கட்டைக்குச் சுருதி வைக்கப் போகிறீர்கள் என்பதை ஆசிரியரிடம் கேட்டுப்போய்ச் சொல்லுங்கள், அதற்கேற்ற தந்தி கட்டுவார்கள். முடிந்தால் வீணை ஆசிரியரையே கூட்டிப் போய் அங்கேயே வாசித்துப் பார்த்து எடுத்து வாருங்கள். குறை இருந்தால் அந்த இடத்திலேயே சூடு காட்டித் திருத்திக் கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம், தினம் கொஞ்சமாகச் சுருதியை ஏற்றுங்கள். புதுத் தந்தி இழுபடும், மரமும் பழைய இறுக்கத்துக்குப் பழக வேண்டும். சில மாதத்தில் ஒன்றிரண்டு மெட்டு அசையலாம். அப்போது நீங்களே மெழுகைச் சூடாக்கப் பார்க்காதீர்கள். அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது காட்டலாம், அதுவரை ஆசிரியர் அந்த ஸ்வரத்தை இழுத்து வாசிக்கச் சொல்லித் தருவார்.