பாலைவனத் தோட்டத்திற்கும் பட்டம் உண்டு

தார் பாலைவனத்தில் தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் மாதம் எது? எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "எல்லா மாசமும்தான் டீச்சர்" என்றே முதல் பதில் வரும். மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் மட்டுமே படத்தில் பார்த்துப் பழகிய குழந்தைகள் வேறென்ன சொல்வார்கள்? தாமதிக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன். "அப்படியானால் ஜெய்சல்மேரிலும் பார்மரிலும் பிகானேரிலும் இருக்கிற மக்கள் காலங்காலமாக எதைச் சாப்பிட்டு வாழ்கிறார்கள்?" வகுப்பு யோசிக்கத் தொடங்கும். உலகின் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் தார் ஒன்று என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அந்த யோசனையிலிருந்து வளரும் இரண்டு பாடவேளைச் செயல்பாட்டை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். சமூக அறிவியல் ஆசிரியர் தொடங்கினாலும், அறிவியலும் கணக்கும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். தேவையானவை அதிகமில்லை. பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்த ஒரு பெரிய வட்டம், பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய விதை அட்டைகள், கரும்பலகையில் எழுத சில எண்கள், அவ்வளவுதான்.

முதலில் எண்கள். ஜெய்சல்மேரில் ஜனவரிப் பகலில் வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸ். இரவில் 8 டிகிரி. மே மாதத்தில் பகலில் 41, 42 டிகிரியைத் தொடும்; இரவில்கூட சுமார் 25 டிகிரி இருக்கும். ஜூலையில் பகல் வெப்பம் 38 அளவிற்குக் குறையும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்று பக்கத்தில் எழுதலாம். 2016 மே 19 அன்று, ஜோத்பூர் மாவட்டத்தில் அப்போது இருந்த பலோடி என்ற ஊரில் 51 டிகிரி பதிவானதைச் சொன்னால் வகுப்பே வியர்த்துப்போகும்.

அடுத்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பயிரின் பெயரும் அதன் தேவையும் இருக்கும். தக்காளி: பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் பூ உதிரும், காய் பிடிக்காது, உறைபனி பட்டால் செடியே கருகும். கேரட்: இளங்குளிரில்தான் கிழங்கு நன்றாகத் திரளும், நிறமும் ஏறும். கொத்தவரை: வெப்பம் தாங்கும், முளைக்க ஒரு நல்ல மழை போதும். கம்பு: அதுவும் அப்படியே. முள்ளங்கி, வெந்தயக்கீரை, கடுகு, வெள்ளரி, தர்பூசணி, சீரகம் என்று இன்னும் சில. குழுக்கள் தங்கள் அட்டையை மாத வட்டத்தில் பொருத்தமான இடத்தில் வைக்கவேண்டும். ஏன் அங்கே வைத்தார்கள் என்று எண்களைக் காட்டிச் சொல்லவேண்டும். இந்தக் காரணம் சொல்லும் பகுதிக்கு நேரத்தை மிச்சம்பிடிக்காதீர்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.

அட்டைகள் அமர்ந்து முடிந்ததும் வட்டத்தில் இரண்டு கூட்டங்கள் தெரியும். ஒன்று ஜூலையில், மற்றொன்று அக்டோபர், நவம்பரில். ஏப்ரல், மே, ஜூன் பகுதி காலியாகக் கிடக்கும். "அப்போ மே மாசம் தோட்டத்துக்கும் லீவுதான்" என்றாள் ஒரு மாணவி. இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஜூலைக் கூட்டத்தைப் பார்த்ததும், "நம்ம ஆடிப்பட்டம் மாதிரியே இருக்கே" என்று கிராமத்துக் குழந்தைகள் கண்டுகொள்வார்கள். அங்கே பருவக்காற்று ஜூலைத் தொடக்கத்தில் எட்டிப்பார்க்கிறது. முதல் நல்ல மழை நனைத்த மணலில் உடனே விதைத்துவிடவேண்டும். சில நாள் தவறினாலும் மேல்மண் காய்ந்துவிடும். விதைக்கும் முறையில்தான் அந்த மக்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கம்புடன் கொத்தவரை, எள், மோத் என்று அங்கே அழைக்கப்படும் பயறு, மதீரா எனப்படும் நாட்டுத் தர்பூசணி, காச்ரி என்ற சின்ன வெள்ளரி இனம் எல்லாவற்றையும் கலந்து ஒரே நிலத்தில் விதைப்பது அங்கே பழைய வழக்கம். காச்ரி, நம் தென்மாவட்டங்களில் வற்றல் போடும் மிதுக்கங்காயை நினைவுபடுத்தும். மழை நன்றாகப் பெய்தால் கம்பு விளையும். பாதியில் நின்றுவிட்டால் கம்பு காய்ந்தாலும், நிலத்தோடு படர்ந்து மண்ணை மூடிக்கொண்ட மோத் ஓரளவு காய்த்துவிடும். எது பொய்த்தாலும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வரும்.

ராஜஸ்தான் உழவர்களுக்கு வேளாண் ஆண்டு தொடங்குவது அட்சய திருதியையன்று. அங்கே அதை ஆக்கா தீஜ் என்பார்கள். கம்பைக் குத்திச் சமைத்து உண்டு, வரப்போகும் மழைக்குச் சகுனம் பார்க்கும் நாள் அது. நம் ஊரில் நகைக்கடை விளம்பரத்தில் மட்டுமே அந்த நாளை அறிந்த குழந்தைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

குளிர்காலத் தோட்டத்தில் கேரட், முள்ளங்கி, வெந்தயக்கீரை, பசலை, வெங்காயம் என்று நமக்குத் தெரிந்த முகங்களே அதிகம். வயல்களில் கடுகும் சீரகமும் கொண்டைக்கடலையும். ஜனவரியில் சில இரவுகளில் உறைபனி இறங்கும். அன்று மாலையே நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி ஈரமாக வைத்தால், மண் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடும், செடி பிழைக்கும். வெப்ப ஏற்புத்திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மழை இல்லாத இந்தப் பருவத்துக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? ஜெய்சல்மேர்ப் பகுதியில் 'கதீன்' என்ற முறை உண்டு. பாலிவால் சமூகத்தார் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவாக்கியது. பாறை மேட்டில் விழும் மழைநீர் வழிந்து தாழ்நிலத்துக்கு வர, அங்கே மண்கரை போட்டு மடக்குகிறார்கள். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கி வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். ஏரிக்கரை தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டெனப் புரியும்.

இனி கணக்கு. "தண்ணீர் ஊற்றினால் மே மாதத்திலும் தக்காளி வளர்க்கலாமே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டருகே தரைக்குள் கட்டிய மழைநீர்த் தொட்டியை அங்கே 'டாங்கா' என்பார்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் பெய்து, ஒரு சொட்டும் வீணாகாமல் தொட்டிக்கு வந்தால் 20,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால் 50 லிட்டர். ஆக 400 நாள்களுக்கு வரும். ஆண்டைக் கடக்கலாம், அதற்கு மேல் பெரிதாக மிஞ்சாது. உண்மையில் மழையின் ஒரு பகுதியை மண் குடித்துவிடும். இப்போது 20 தக்காளிச் செடிகள், செடிக்குத் தினம் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தின் 30 நாள்களுக்கு 1,200 லிட்டர். அது அந்தக் குடும்பத்தின் 24 நாள் குடிநீர். செடியோ வெயிலில் பூவை உதிர்த்துவிட்டு நிற்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு காலியாக இருக்கும் மே மாதத்தைக் குழந்தைகள் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். "ஏழைங்க, அதனால ஒண்ணும் போடல" என்ற பேச்சு நின்றுவிடுகிறது. பாத்திரம் கழுவிய நீரை ஒரு மரத்தடிக்கு மட்டும் விடலாம், வேலிக்கு முள் வெட்டலாம், விதையைக் காயவைக்கலாம் என்று அவர்களே வேலை சொல்லத் தொடங்குகிறார்கள்.

அந்தக் கோடையில் மரங்கள் என்ன செய்கின்றன என்பது இரண்டாம் பாடவேளைக்கு உரியது. இலந்தை இலையை உதிர்த்துவிட்டு உறங்கப்போகிறது. மே மாத உறக்கத்திலேயே அதன் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். மழை கண்டதும் தளிர்த்து, பூத்து, குளிர்காலத்தில் பழம் தருகிறது. வன்னி நேர்மாறு. அங்கே கேஜ்ரி என்று பெயர். ராஜஸ்தானின் மாநில மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரமாக நாம் கும்பிடும் அதே மரம்தான். ஊரே வாடிக்கிடக்கும் கோடையில் அது பசுமையாக நிற்கும். அதன் பச்சைக் காய்களைப் பறித்து உலர்த்தினால் 'சாங்ரி'. முட்புதரில் காய்க்கும் 'கேர்' என்ற சிறுகாயுடன் சேர்த்துச் சமைப்பார்கள். தோட்டம் விடுமுறையில் இருக்கும் மாதங்களின் காய்கறி அது. "வன்னி மட்டும் ஏன் டீச்சர் லீவு எடுக்கல?" என்று கேட்டான் ஒருவன். ஆழத்துக்குப் போகும் வேர், சிறுசிறு இலைகள், வேர் முடிச்சில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியா என்று விடை அறிவியல் ஆசிரியரிடம் போனது. அதன் நிழலில் கம்பு நன்றாகவே விளைவதால், உழவர்கள் வயல் நடுவிலும் அதை வெட்டாமல் விடுகிறார்கள்.

கால்வாய் பற்றியும் கேள்வி வரும். 1958இல் பணி தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து நீர் கொண்டுவருகிறது. அது பாயும் இடங்களில் பருத்தியும் கோதுமையும் விளைந்து, பல குடும்பங்களின் வாழ்க்கை மாறியது உண்மை. நீர் தேங்கி நிலம் உவரானதும் உண்மை. இரண்டையும் சொல்லி, முடிவை வகுப்பிடம் விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. மாத வட்டத்தைத் திரும்ப எடுத்து ஒரு சிக்கலை மட்டும் சொல்வேன்: "இந்த ஆண்டு ஜூலை முழுவதும் மழை இல்லை. ஆகஸ்ட் 10 அன்றுதான் முதல் மழை. கையில் இருப்பது கம்பு, மோத், கொத்தவரை, கடுகு. எதை விதைப்பீர்கள், எதை மூட்டையிலேயே வைப்பீர்கள்?" பெரும்பாலான குழுக்கள் கம்பை ஒதுக்கிவிட்டு மோத்தையும் கொத்தவரையையும் எடுத்தன, அங்குள்ள உழவர்களும் பொதுவாக அதையே செய்வார்கள். ஒரு குழு பாதி நிலத்தில் எதையும் விதைக்கவில்லை. அந்த ஈரத்தை மண்ணுக்குள் காப்பாற்றி அக்டோபரில் கடுகு போடப்போவதாகச் சொல்லி, கடுகு அட்டையை அந்த மாதத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தது.