காட்டேரிக்குக் கைக்கடிகாரம் கொடுக்காதீர்கள்

நாம் ‘கடி’ என்றும் ‘அறுவை’ என்றும் சொல்லும் சரக்குக்கு ஹங்கேரியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபாரஸ்தோ விட்ஸ்’. களைப்பாக்கும் ஜோக் என்று பொருள். நாம் காயப்படுகிறோம், அவர்கள் களைத்துப்போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புடாபெஷ்டில் வேலை பார்த்தபோது, லண்டனிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு உள்ளூர் நண்பர்களின் கடிகளை ஆங்கிலத்தில் விளக்கும் பொறுப்பு, சம்பளமில்லாமல், என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்தில் தேறியவை இவை.

செய்ய வேண்டியவை

● சொல்லை எங்கே வெட்டுவது என்பதை முதலில் காட்டுங்கள். அர்த்தம் அப்புறம். ‘கரோர’ என்று ஒரு சொல். ‘கர்’ (கை) + ‘ஓர’ (கடிகாரம்) என்று பிரித்தால் கைக்கடிகாரம். அதையே ‘கரோ’ (கழுமரம்) + ‘ர’ (மேல் என்னும் உருபு) என்று பிரித்தால் ‘கழுமரத்தின் மேல்’. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழும். அதனால் எந்த வெட்டு என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. இதை வைத்து நானே கட்டிய கடி: ‘ரத்தக்காட்டேரிக்கு ஆகவே ஆகாத பரிசு எது?’ ‘கரோர.’

இதில் ஒரு நுட்பம் உண்டு. கேள்வியை ‘எது’ என்றே கேட்க வேண்டும். ‘எதைக் கொடுக்கக்கூடாது?’ என்று கேட்டால் விடையில் இரண்டாம் வேற்றுமை ஒட்டி ‘கரோராத்’ ஆகிவிடும். கழுமரம் காணாமல் போய்விடும், கடிகாரம் மட்டும் மிஞ்சும். வேற்றுமை உருபோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கிலக்காரருக்குக் காகிதத்தில் எழுதி, நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கழுவேற்றும் விளாட் என்ற வாலாக்கியா இளவரசரை, டிராகுலா என்று உலகம் அறிந்தவரை, 1462இல் பிடித்துச் சிறையில் வைத்தது ஹங்கேரிய மன்னர் மாத்யாஷ்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், சிரிக்காதவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

● பெயரை அவர்கள் வரிசையிலேயே சொல்லுங்கள். ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ‘கித் ஆரோன்’ என்று ஓர் ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துச் சொன்னால் ‘கிதாரோன்’, அதாவது ‘கிட்டாரில்’. ‘ரெமெக் எலெக்’ என்பவரைக் கூப்பிட்டால் ‘நான் அசத்துகிறேன்’ என்று கேட்கும். எலெக் என்பது அங்கே நிஜமான பெயர். வினைச்சொற்களின் தன்மை விகுதியோடு அது ஒத்துப்போவது அந்தப் பெயர்க்காரர்களின் தலையெழுத்து. 1970களில் வந்த பொம்மைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன், எந்த வேலையை எடுத்தாலும் சொதப்பும் ஓர் ஆடு. அதன் பெயர் மெக் எலெக். நம் ஆடு ‘மே’ என்று கத்தும், அவர்கள் ஆடு ‘மெக்’ என்று கத்தும். இதையெல்லாம் ‘ஆரோன் கித்’, ‘எலெக் ரெமெக்’ என்று மேற்கத்திய பாணியில் திருப்பிப்போட்டு அறிமுகம் செய்தால் ஜோக் அங்கேயே செத்தது.

● சின்னச் சின்ன இரட்டைகளில் ஆரம்பியுங்கள். ‘அஸ் ஏக் ஏக்’: வானம் எரிகிறது. ‘அஸ் ஈர் ஈர்’: அயர்லாந்துக்காரர் எழுதுகிறார். பிறகு ‘ஹத் ஹேத்’துக்கு வாருங்கள். ‘எத்தனை நாள் ஓய்வு, டாக்டர்?’ ‘ஹத் ஹேத்.’ ‘ஆறா ஏழா, ஒன்றைச் சொல்லுங்கள்!’ டாக்டர் சொன்னது ஆறு வாரம். வாரத்துக்கும் ஏழுக்கும் அங்கே ஒரே சொல். எண்ணுக்குப் பின்னால் பன்மை விகுதியும் வராது, நாம் ‘ஆறு வாரம்’ என்பது போல. ஆங்கிலத்தில் அந்தப் பன்மை விகுதி வந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

● முடிந்தால் விளக்குவதை விட்டுவிட்டு மாற்று ஜோக் ஒன்றைச் செய்யுங்கள். ரோம்ஹானி யோஜெஃப் செய்தது அதுதான். ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தபோது வசனம் முழுக்க எதுகையாக அடுக்கித் தள்ளினார். தலைப்பிலேயே ‘கற்காலத்து’ என்னும் சொல்லின் வாலைப் பிடித்து ‘தோழன்’ என்று எதுகை போட்டார்: ‘கோகோர்ஸகி ஸகி’. அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘ரீம்ஹானியோ ரோம்ஹானி’. எதுகையை எறிபவர் என்றும் கொள்ளலாம், கக்குபவர் என்றும் கொள்ளலாம்.

செய்யக்கூடாதவை

● கோப்பையைத் தூக்கிக்கொண்டு குறில் நெடிலில் விளையாடாதீர்கள். இது என் தழும்பு. ‘உன் உடல்நலத்துக்கு’ என்பது ‘எகேஷ்ஷேகெத்ரெ’. நடுவில் இருக்கும் ‘ஷே’யைக் குறுக்கி, அடுத்த ககரத்தை அழுத்திவிட்டால் ‘உன் முழுப் பின்பக்கத்துக்கும்’ என்று ஆகிவிடும். நண்பன் வீட்டு விருந்தில் அதைத்தான் கணீரென்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘அதுவும் நன்றாக இருக்கட்டும்’ என்றார். நெடிலும் குறிலும் பால்குடி நாளிலிருந்து பழகிய நாக்குக்கே இந்தக் கதி என்றால், ஆங்கில நாக்கை யோசித்துப் பாருங்கள்.

● மாலைமாற்றை மொழிபெயர்க்காதீர்கள். ‘இந்துல் அ கொரொக் அலுத்னி’ என்பதை ஹங்கேரிய எழுத்தில் பின்னாலிருந்து படித்தாலும் அதுவேதான். ‘கிரேக்கர் தூங்கக் கிளம்புகிறார்’ என்று பொருளைச் சொன்னீர்களோ, ‘எந்தக் கிரேக்கர்?’ என்று கேள்வி வரும்.

● எல்லாவற்றிலும் சிலேடையைத் தேடாதீர்கள். டிரான்சில்வேனியாவின் ஸேகெய் மக்களைப் பற்றிய ஜோக்குகளில் சொல் விளையாட்டைவிட, பேச மறுக்கும் பிடிவாதமே நகைச்சுவை.

● நிறுத்தக்குறிதானே என்று அலட்சியம் வேண்டாம். 1213இல் அரசி கெர்த்ரூட் கொலையானார். சதிகாரர்களுக்கு எஸ்தெர்கோம் பேராயர் யானோஷ் லத்தீனில் ஒரு கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். ஓர் இடத்தில் நிறுத்தினால், கொல்ல அஞ்சாதீர்கள், எல்லாரும் சம்மதித்தால் எனக்கு மறுப்பில்லை. வேறு இடத்தில் நிறுத்தினால், கொல்லாதீர்கள், அஞ்சுவது நல்லது, எல்லாரும் சம்மதித்தாலும் நான் மாட்டேன். இதை விளக்கும்போது மூச்சு விடும் இடத்தில் கவனம் தேவை.

● விளக்கி முடித்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். லண்டன் விருந்தாளி ஒருவர் ‘கரோர’வைக் கேட்டுவிட்டுத் தன் மணிக்கட்டையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். டாக்சி டிரைவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தாராம். டிரைவர் பெருமூச்சு விட்டு ‘ஃபாரஸ்தோ’ என்றாராம். ‘திட்டிவிட்டாரா?’ என்று கவலையோடு கேட்டார்.